தொட்டிக்குக் கீழே

பதினேழாவது நிலையில் முன்கோலின் அளவைச் சொல்லும்போது அவள் கணவர் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னார். வாக்கி-டாக்கியின் இரைச்சலுக்கு நடுவே வழக்கம்போல எண்களை ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைத்தார். "மூணு. ஒண்ணு. இரு, பனி மறைக்குது, இந்தச் செவப்பு எழுத்து சட்டுனு தெரிய மாட்டேங்குது... ஆங். ஏழு. நாலு." அவள் மேசையில் குனிந்தபடியே அதைத் திருப்பிச் சொன்னாள், கட்டத்தில் எழுதினாள், கழித்துப் பார்த்தாள். தரை மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது. அடுத்த வரிக்குப் போகும்போதுதான் அந்த வார்த்தை காதிலிருந்து மூளைக்கு வந்து சேர்ந்தது. இந்த வருஷம் அவர்கள் கொண்டுவந்திருந்த இரண்டு கோல்களிலும் எழுத்து கறுப்பு.

சிவப்பு எழுத்துக் கோல் போன வருஷம் அவள் தம்பியோடு சேர்ந்து மண்ணுக்குள் போனது. தம்பியையும் எடுக்கவில்லை, கோலையும் எடுக்கவில்லை.

இதை நினைத்ததும் நெஞ்சு துடித்திருக்க வேண்டும். துடிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தொடுவது தெரிந்தது, தொடப்பட்டது தெரியவில்லை. பதினோரு மாதமாக இப்படித்தான். தம்பிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. பழக்கதோஷத்தில் வாய் தவறியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுப் பென்சிலைச் சீவினாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கணவர் முக்காலியின்மேல் தொலைநோக்கிக் கருவியை நிறுத்தி நடுவில் நிற்பார். அவருக்குப் பின்னால் ஒருவர் நான்கு மீட்டர் அளவுகோலை நட்டமாகப் பிடித்திருப்பார், முன்னால் இன்னொருவர். பின்கோலில் ஓர் எண், முன்கோலில் ஓர் எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரை ஏறியதா இறங்கியதா என்ற செய்தி. இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தது ஒரு நிலை. படித்து முடித்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு முன்கோலைத் தாண்டிப் போய் நிறுத்துவார். அந்த முன்கோல் நின்ற இடத்திலேயே பின்கோலாகிவிடும். பின்னால் இருந்தவர் எல்லோரையும் தாண்டி முன்னே போய் நிற்பார். கம்பளிப்பூச்சி நடப்பதுபோல இப்படியே காடு மேடெல்லாம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். புறப்பட்ட இடம், குடிசையின் வாசற்படிக் கல்லில் பதித்த பித்தளைக் குமிழ். இறங்கியதெல்லாம் ஏறியாக வேண்டும், ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். கடைசியில் வித்தியாசம் சுழி வந்தால் வட்டம் மூடியது என்பார்கள்.

குடிசைக்குள் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்ப்பது அவள் பொறுப்பு. கூட்டத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டிய கணவர் உட்பட எல்லோருக்கும் அவள் 'கணக்கு'. சட்டம் ஒன்றே ஒன்று. அவர் சொன்ன எண்ணை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்கும்வரை அவர் கருவியைத் தூக்க மாட்டார். வானம் இடிந்து விழுந்தாலும் தூக்க மாட்டார், அப்படி ஒரு மனிதர்.

அவர்கள் அளந்துகொண்டிருந்தது நடுமலையை. அதற்குப் பின்னால் பனி மூடிய பெரிய மலைத்தொடர் இருக்கிறது, படம் எடுக்க வருபவர்கள் எல்லாம் அதற்குத்தான் வருவார்கள். முன்னால் சமவெளி, வயலும் வீடுமாக. நடுவில் கிடக்கும் இந்த மலையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மூத்த பிள்ளைக்கு மரியாதை, கடைக்குட்டிக்குச் செல்லம், நடுப்பிள்ளைக்குப் பழைய சட்டை என்ற கதைதான். பெரிய மலையிலிருந்து மழையும் ஆறும் அரித்துக் கொட்டிய கல்லும் மண்ணும்தான் நடுமலை. அந்தக் குப்பையையும் பெரிய மலை சும்மா விடவில்லை. சுவரோரம் கிடக்கும் பாயைக் காலால் தள்ளினால் மடிந்து எழும்புமே, அப்படித் தள்ளித் தள்ளி அதை எழுப்பியிருக்கிறது. இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நகக்கண் அளவு நடுமலை உயர்கிறது, அல்லது உயர்கிறது என்று அவர்களை அனுப்பிய நில அளவை அலுவலகம் நம்புகிறது. இரண்டு மலைக்கும் இடையில் நீளமாக ஒரு பள்ளம். கூட்டத்தார் அதைத் தொட்டி என்பார்கள். குடிசை அந்தத் தொட்டியின் ஓரத்தில் இருந்தது. பித்தளைக் குமிழின் உயரம் ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு மீட்டர். தொட்டியின் அடியில் ஓடும் ஓடை ஆயிரத்து நூற்று நாற்பது. அதற்குக் கீழே அந்த வட்டாரத்தில் தரை என்று எதுவும் கிடையாது. படத்தை வரைந்தவளே அவள்தான்.

போன வருஷம் இதே அளவுக் கோடு, இதே ஓடைக்கரை, முப்பத்தெட்டு நிலை. சாயங்காலம் வட்டம் வந்து சேர்ந்தபோது கணக்கில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் உதைத்தது. ஒரு சாண். விதிப்படி மறுநாள் முழுக் கோட்டையும் மறுபடி நடக்கச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் களைத்திருந்தார்கள், அவளும்தான். எங்கோ எண்ணைத் தப்பாகக் கேட்டிருப்போம் என்று நினைத்தாள். சில்லறைப் பிழை வந்தால் எல்லா நிலைக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுவது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். ஒரு சாண் சில்லறை இல்லை. ஆனாலும் முப்பத்தெட்டால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு மில்லிமீட்டர்கூட வராது. பங்கு போட்டாள். சுழி என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

வட்டம் மூடியது, தரை அசையவில்லை என்று நம்பி, கணவர் மறுநாள் ஓடைக்கரைச் சரிவில் கூடாரம் போடச் சொன்னார். அடுத்த விடியலில், தம்பி படுத்திருந்த கூடாரத்தோடு சரிவு இறங்கியது. அவர்கள் அளந்துகொண்டிருந்தபோதே கோலுக்கு அடியில் அது ஒரு சாண் நழுவியிருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவருக்குத் தெரியாது. கூடாரம் போட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்தது தானே என்று பதினோரு மாதமாக அவர் குனிந்த தலை நிமிராமல் நடமாடினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல இருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எழுந்தாள், சொல்லாமல் ஒவ்வொரு இரவும் படுத்தாள். இந்த வருஷம் யாரும் இந்தக் கோட்டுக்கு வர முன்வராதபோது அவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரைத் தனியே விட மனமில்லாமல் அவளும் வந்தாள். அவரையும் இந்தத் தொட்டி எடுத்துக்கொண்டால் அவளுக்கென்று மிச்சம் ஒருவரும் இல்லை.

"பதினெட்டு" என்றது வாக்கி. "பின்கோல், பூஜ்யம், ஒண்ணு, ஒம்போது, ரெண்டு. முன்கோல், மூணு, ரெண்டு, பூஜ்யம், எட்டு."

திருப்பிச் சொன்னாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. ஜன்னலுக்கு வெளியே மணி நாலுகூட ஆகவில்லை, ஆனால் பனி இறங்கி, பத்தடி தூரத்திலிருந்த விறகுக் குவியல்கூடக் கரைந்துபோயிருந்தது. அடுப்பில் ஈர விறகு புகைந்தது. பலகைத் தளத்தின் இடுக்குகளிலிருந்து மண்ணின் வாசனை வந்தது. மழை விழுந்த மண் வாசனை அல்ல. ஆழமாகக் குழி தோண்டும்போது வருமே, வெயிலே படாத மண், அந்த வாசனை. காலையில் அது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

"என்னங்க" என்றாள். "செவப்பு எழுத்துன்னு சொன்னீங்களே."

"எப்ப?"

"பதினேழுல."

"சொன்னேனா?" "ஆமா, செவப்புதான். இதோ நிக்குது. நல்லா எடுப்பா இருக்கு."

"நம்ம கோல் ரெண்டும் கறுப்புங்க."

"அப்படியா?" என்றார் அவர். அதில் ஆச்சரியமே இல்லை. நாளைக்குப் பால்காரர் வர மாட்டாராம் என்று யாரோ சொன்னதைக் கேட்ட மாதிரி இருந்தது. "சரி, பத்தொம்போது எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். கை எழுதியது. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

கருவியின் குழாய் வழியாகப் பார்த்தால் கோலில் ஒரு சாண் உயரத் துண்டுதான் தெரியும். அந்தக் கருவி பழசு, அதிலும் தலைகீழாகத் தெரியும். பிடித்திருப்பவன் தெரிய மாட்டான். அதிகம் போனால் கோலின் இரு பக்கமும் இரண்டு விரல் தெரியும், அவ்வளவுதான். நாள் முழுவதும் அவர் மனிதர்களைப் பார்ப்பதே இல்லை, எண்களைத்தான் பார்க்கிறார். இது அவளுக்கு ஆயிரம் தடவை தெரிந்த விஷயம். இப்போதுதான் முதல் தடவையாக அதை யோசித்தாள்.

"மொட்டை எங்க இருக்காரு?" என்று கேட்டாள். மொட்டை என்பவர் கோல்காரர்களில் ஒருவர். ஐம்பது வயது, தலையில் ஒரு முடி கிடையாது, வாய் ஓயாது. மற்றவர் வாத்தியார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர், இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர். இரண்டு பேரும் கூடினால் அடுத்த மலைவரை கேட்கும். இன்று மத்தியானத்திலிருந்து வாக்கியில் அவர்களுடைய சத்தமே வரவில்லை.

"இங்கதான். என் பக்கத்துல."

"வாத்தியாரு?"

"அவரும் இங்கதான். ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. களைப்பா இருக்காம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப முன்கோலை யாருங்க பிடிச்சிருக்கிறது?"

இரைச்சலுக்குள் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. மிக நிதானமான மூச்சு.

"கோல் நிக்குது" என்றார் கடைசியில். "துளிகூட ஆடல. நல்ல கை. பின்னாலயும் அதே மாதிரி ஒண்ணு நிக்குது. செவப்பு."

தம்பிக்குக் குச்சி என்றுதான் பெயர். கோல் எது, அவன் எது என்று தெரியாத உடம்பு என்பது கூட்டத்தின் நிரந்தர நகைச்சுவை. ஆனால் அவன் கோல் பிடித்தால் காற்றடித்தாலும் ஆடாது. குச்சி பிடிச்சா குன்று பிடிச்ச மாதிரி என்று இதே மனிதர்தான் மைத்துனனைப் பற்றிப் பெருமை அடிப்பார். அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

"இருபது" என்றார் அவர். எண்களைச் சொன்னார்.

அவள் திருப்பிச் சொன்னாள்.

ஏன் சொன்னாள் என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. பத்தொன்பது வருஷப் பழக்கம். எண் வந்தால் வாய் திரும்பச் சொல்லும், கொட்டாவிக்குக் கொட்டாவி வருவதுபோல. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. தான் சொன்னதால்தான் அவர் இன்னொரு நிலை முன்னே போகிறார். கோல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோடு போகும். கோலைத்தான் கருவி தொடரும். கருவியை அவர் தொடர்வார். அவரை அனுப்பிக்கொண்டிருப்பது அவள் வாய்.

ஆயிரத்து நூற்று நாற்பது. இது ஓடையின் மட்டம்.

"என்னங்க, ஓடையைத் தாண்டிட்டீங்களா?"

"இல்லையே. ஓடை எங்க வந்துச்சு? வழி நேரா இறங்கிட்டே இருக்கு. மண்ணு மெத்துமெத்துனு இருக்கு, நடக்கவே சுகமா இருக்கு. இருபத்தொண்ணு எழுதிக்கோ." எண்களைச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் மறுபடி அதே எண்களைச் சொன்னார். மறுபடி. குரலில் அவசரமில்லை, கோபமில்லை. நாலாவது தடவை சொன்னபோது அவள் உதடு தானாக அசைந்தது. முணுமுணுப்பாகத்தான் வந்தது. அது போதுமானதாக இருந்தது.

அவள் கழித்தாள். ஆயிரத்து நூற்று முப்பத்தேழு.

திரும்பக் கழித்தாள். கூட்டினாள். முதல் நிலையிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கணக்கில் தப்பில்லை. அவள் கணவர் ஓடைக்கு மூன்று மீட்டர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி சத்தம் கேக்குதாங்க?" என்றாள். தன் குரல் யாருடையதோபோல இருந்தது.

"கேக்குது."

"எந்தப் பக்கம்?"

அவர் காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. "மேல" என்றார்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அவள் எழுந்து கதவைத் திறந்தாள். பனி வாசற்படிவரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை. கத்திக் கூப்பிட்டாள். குரல் போய் எங்கும் மோதவில்லை, எதிரொலி இல்லை. நகரத்து அலுவலகத்துக்குச் சொல்லலாமென்றால் வாக்கி அங்கே எட்டாது, நடுமலை குறுக்கே கிடக்கிறது. ஜீப் நாளைக் காலைதான் வரும். இறங்கி ஓடலாம். எங்கே ஓடுவது? ஓடைக்கும் கீழே போக வழி ஏது?

வாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னங்க. நான் சொல்றதைக் கேளுங்க. கருவியை அப்படியே போட்டுட்டு, வந்த வழியே திரும்பி வாங்க. மொட்டையையும் வாத்தியாரையும் கூட்டிட்டு வாங்க. இப்பவே."

"கோட்டைப் பாதியில விடறதா?"

"விடுங்க. அந்தக் கோலைப் பார்க்காதீங்க."

"அதெப்படி விட முடியும்?" என்றார். அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக அவர் குரலில் ஏதோ அசைந்தது. "போன வருஷம் வட்டம் சுழிக்கு மூடுச்சு. அதை நம்பித்தானே கூடாரம் போடச் சொன்னேன். கணக்கு தப்பு இல்ல, கோடு தப்பு இல்ல, அப்ப நான்தானே தப்பு? இன்னொரு தடவை மூடிக் காட்டணும்மா. எனக்கு அது வேணும். இருபத்திரண்டு எழுதிக்கோ."

இதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஆனால் அந்த ஒரு சாணைச் சொல்ல அவளுக்குப் பதினோரு மாதம் பிடித்திருந்தது.

"மூடலைங்க" என்றாள். "போன வருஷம் வட்டம் மூடல. ஒரு சாண் உதைச்சுது. இருபத்திரண்டு சென்டிமீட்டர். நான்தான் பங்கு போட்டேன். யாருக்கும் சொல்லல. சரிவு அப்பவே நழுவ ஆரம்பிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க மேல தப்பே இல்லைங்க. தம்பியை நான்தான்..." அந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. "திரும்பி வாங்க. வந்து என்னைத் திட்டுங்க, அடிங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. வந்துடுங்க."

பொத்தானை விட்டாள். இரைச்சல்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் உள்ளே ஒன்றும் அசையாதது அவளுக்குப் பயமாக இருந்தது. அன்று அவள் முதலில் பயந்தது அதற்குத்தான்.

வெகுநேரம் கழித்து வாக்கி கரகரத்தது.

"ஒரு சாண்" என்றது.

திருப்பிச் சொல்கிற தொனி. அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டதாகச் சொல்கிற தொனி. அது அவர் குரல் அல்ல. யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

பிறகு எண்கள் வந்தன. பின்கோல் மூன்று மீட்டருக்கு மேல். முன்கோல் கால் மீட்டருக்கும் குறைவு. இதுவரை வந்ததற்கு நேர்மாறு. தரை ஏறுகிறது. ஏறுகிறார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எண்கள் மறுபடி வந்தன. மறுபடி. நடுவில் ஒருமுறை, தூரத்திலிருந்து, கணவரின் குரல்.

"சொல்லும்மா. நீ சொல்லலைன்னா நகர முடியல. இங்க ரொம்ப இருட்டா இருக்கு."

சொன்னாள். வேறென்ன செய்வாள்? அவர் மேலே வர வேண்டுமென்றால் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்த எண்ணைச் சொல்லி அவரை இறக்கினாளோ, அதே மாதிரி எண்ணைச் சொல்லி ஏற்றினாள். ஆயிரத்து நூற்று நாற்பது. நாற்பத்து மூன்று. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று மீட்டர். படிக்கட்டு ஏறுவதுபோல. இப்படி ஏற அந்தப் பக்கம் பாதையே கிடையாது. ஓடையிலிருந்து குடிசைக்கு வரும் தடம் வளைந்து வளைந்து, ஒரு நிலைக்கு ஒரு மீட்டர் ஏறினால் பெரிது. இது நேராக வந்தது.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. பனி.

நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு.

மண் வாசனை அறையை நிறைத்தது. அடுப்புப் புகையையும் மீறி நாக்கில் ஒட்டியது. மேசையிலிருந்த தேநீரில் வளையம் வளையமாக அதிர்வு. பிறகு அடங்கியது. அடுத்த எண் வந்தது. சொன்னாள். மறுபடி வளையம்.

ஐம்பத்தைந்து.

அவள் கால் தளத்தில் இருந்தது. தளம் பலகை. பலகைக்குக் கீழே மண். மண்ணுக்குள் ஏதோ உரசியது. இரும்பு கல்லில் உரசுவதுபோல. மூன்று கால் முக்காலியை ஊன்றும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் தாலாட்டுக் கேட்டவள்போல எத்தனையோ மத்தியானம் தூங்கியிருக்கிறாள்.

ஐம்பத்தெட்டு.

கால்களைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு இறக்கினாள். அவர் அங்கே இருக்கிறார். காலைத் தூக்கி என்ன ஆகப் போகிறது?

"கடைசி நிலை" என்றது வாக்கி. இப்போது கணவரின் குரல்தான். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாக இருந்தது. "கோலைத் தலைகீழா பிடிச்சிருக்கான். சுரங்கத்துல மேல்கூரை அளவு எடுப்போமே, அந்த மாதிரி. அடிக்கட்டை மேல முட்டி நிக்குது. படிக்கட்டுமா?"

வாசற்படியில் தட்டும் சத்தம் கேட்டது. கதவில் தட்டவில்லை. கல்லில். கல்லின் அடியிலிருந்து.

"படிங்க" என்றாள்.

படித்தார். எழுதினாள். கூட்டினாள். ஆயிரத்து நூற்று அறுபத்தொன்று, புள்ளி ஏழு எட்டு.

குமிழுக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர் கீழே.

"எவ்வளவு உதைக்குது, கணக்கு?"

"ஒரு சாண்."

"என்ன பண்ணலாம்?"

அவர் கேட்டது வேலை சம்பந்தமான கேள்வி. அதில் குத்தல் இல்லை. இரைச்சலுக்குப் பின்னால் வேறு மூச்சுகளும் கேட்டன, எண்ணிப் பார்த்தாள், நான்கு பேர். எல்லோரும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பங்கு போட்டால் இங்கேயே மூடிவிடும். இந்தக் கல்லுக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், சுழி. அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

"பங்கு போட மாட்டேங்க" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. கன்னத்தில் ஏதோ சூடாக இறங்கியது. பதினோரு மாதம் கழித்து. "இந்தத் தடவை மாட்டேன். ஒரு மில்லிமீட்டர்கூட மாட்டேன். மேல வாங்க."

"சரி" என்றார் அவர். கேட்கவே நிம்மதியாக இருந்தது அந்தக் குரல்.

இரைச்சல் நின்றது. அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். பனி அப்படியே நின்றது. வாசற்படிக் கல் அப்படியே கிடந்தது. நான்கு ஆள் சேர்ந்து நெம்பினால்தான் அசையும் கல். நடுவில் பித்தளைக் குமிழ்.

கல் எழும்பியது.

சத்தமில்லாமல். அவசரமில்லாமல். மாவு உப்புவதுபோல, தரையோடு, நிலைப்படியோடு. ஒரு விரல். நான்கு விரல். நிலைச்சட்டம் முறிந்து கதவு சாய்ந்தது. கல் ஒரு சாண் எழும்பி நின்றது.

அடியில் இடைவெளி. இருட்டு. இருட்டில் சிவப்பு எழுத்து, தலைகீழாக. கல்லை முட்டிய கோலின் அடிக்கட்டை இப்போது, முன்பு குமிழ் இருந்த உயரத்தில். கோலின் இரு பக்கமும் விரல்கள். பற்றியிருக்கவில்லை. கோல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, உள்ளங்கை விரித்து, நுனிவிரலால் மட்டும் அணைத்து, ஆடாமல். எட்டுக் கைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நகமெல்லாம் மண். எல்லாம் ஒரே நிறம்.

"இப்ப சரியா வருது பாரு" என்றது கல்லுக்கு அடியிலிருந்து. மேசைமேலிருந்த வாக்கியிலிருந்தும் அதுவே வந்தது. "சுழி. திருப்பிச் சொல்லு."

அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். மேலிருந்து இரண்டாவது கையின் மணிக்கட்டில் அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. கண்ணாடிக்குள் பாதி மண். மிச்சப் பாதியில் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.